குறிப்புகள் என்ற கட்டம்

காலை ஆறு ஐந்து. வெள்ளவத்தை.
பதினோராம் மாடிக்கு மேலே, தண்ணீர்த் தாங்கியோரம்
மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போட்டுவிட்டு
பிளேன்டீயை ஊதிக் குடிக்கிறேன்.
தரைக்காற்று ஓய்ந்துவிட்டது.
கடற்காற்று இன்னும் எழும்பவில்லை.

இரத்மலானையில் வெளிக்கிட்ட ஹெலி
தெஹிவளைக் கரையோரமாய் வருகிறது.
இந்த நேரத்தில் அது ஒரு தையல் மெஷின்:
ஒரே அளவில் குத்து, ஒரே அளவில் இடைவெளி.
திரையில் கோடுகள்
நட்டுவைத்த கம்பிகளாய் நிற்கின்றன.
எழுபத்தொரு டெசிபல்.
"இவ்வளவுதானா?" என்கிறான் நிலங்க.

மதியம் வேறு கதை.
பங்குனி வெயிலில் காலி வீதித் தார் இளகி
பஸ் கூரைகளிலிருந்தும் தகரத்திலிருந்தும்
சூடு குமிழ் குமிழாய் மேலே போகிறது.
கடற்காற்று உள்ளே நுழைந்து
மாடிவீடுகளின் மூலைகளில் இடறிச்
சுழி சுழியாய் உடைகிறது.
கண்ணுக்குத் தெரியாது.
கொடியில் காயும் சாரம்
ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி.
அதுதான் சாட்சி.

அதே ஹெலி. அதே விமானி. அதே ஐந்நூறு அடி.
ஆனால் மேலிருந்து ஒரு சுழியைச்
சுழலி உறிஞ்சி இழுக்கும்போது
அது நூலாய் நீள்கிறது.
ஓர் இறக்கை வெட்டுகிறது.
நூல் கீழே இறங்கி முடியுமுன்
அடுத்த இறக்கை அதே நூலை வெட்டுகிறது,
அதற்கடுத்ததும்.
கம்பிகளாய் நின்ற கோடுகள்
அடி பருத்துத் தோள் சரிந்து
வைக்கோற்போர்களாய்க் குந்தியிருக்கின்றன.
படபடப்புக்குள் ஒரு சரசரப்பு:
சீமெந்துப் பையை யாரோ
தரையில் இழுத்துப் போகிற மாதிரி.

எண்பத்து மூன்று.
அடுத்த தடவை அறுபத்தொன்பது.
பிறகு எண்பது.

காற்று செக்கனுக்கு ஐந்து மீற்றரைத் தாண்டினால்
அளவீட்டைத் தள்ளிவிடவும் என்கிறது விதிமுறை.
"காலைக் கணக்கையே போடுங்களேன், மிஸ்"
என்கிறார் ஹோட்டல் மேனேஜர்.
மொட்டைமாடியில் வட்டம் கீறி
மஞ்சள் பெயின்டும் காய்ந்துவிட்டது.
விருந்தாளிகள் வரப்போவது
மத்தியானம் மூன்று மணிக்கு.

முறைப்பாடு ஒன்றே ஒன்று.
துவான் சப்ரீன், ஒழுங்கையின் கடைசி வீடு,
ஹோட்டலுக்கு நேர் பின்னால்.
வரைபடத்தில் அந்த வீட்டுக்கு நீலநிறம்:
ஒலியின் நிழல்.
அங்கே கேட்கச் சாத்தியமில்லை என்று
சீல் குத்திய கடிதம் ஏற்கெனவே போயிருக்கிறது.

போனேன்.
துறைமுகத்தில் இரவுவேலை; பகலில்தான் தூக்கம்.
யன்னல் இடுக்கெல்லாம்
பழைய பெனியன் திணித்திருந்தார்.
"வரும், பொறுங்க."
வந்தது.
கட்டடத்துக்கு மேலே கலங்கிய காற்று
சத்தத்தை உடைத்து
நிழலுக்குள் துண்டு துண்டாய் எறிந்தது.
ஒருதரம் வாசலில், ஒருதரம் குசினிக்குப் பின்னால்,
ஒருதரம் இல்லவே இல்லை.
அந்த இல்லாத இடத்தில்தான்
அவர் கண்ணை இறுக மூடினார்.

எனக்கு இது தெரியும்.
எட்டு வயதில், மல்லாவியில், பங்கருக்குள்
இதைக் காதால் அளந்திருக்கிறோம்.
காற்றில்லாத விடியலில் கணக்குப் பிழைக்காது.
சோளகம் அடித்தால்
தூரப் போனது தலைக்குமேல் நிற்கும்,
தலைக்குமேல் நிற்பது தூரப் போன மாதிரிக் கேட்கும்.
தள்ளிவிடச் சொல்லும் விதிமுறை
எங்களிடம் இருக்கவில்லை.

நிலங்கவிடம் இதைச் சொல்லவில்லை.
வயர்களைச் சுருட்டினோம்.

இரவு, அறிக்கைப் படிவம்.
அறுபத்தொன்பது முதல் எண்பத்து மூன்று வரை
என்று இட்டேன்.
கட்டம் சிவந்தது:
ஓர் எண்ணை மட்டும் உள்ளிடவும்.

எண்பத்து மூன்று.
அடியில், குறிப்புகள் என்ற கட்டத்தில்
இரண்டே வரிக்கு இடம்:

மதியத்தில் காற்று கலங்குகிறது.
நிழலுக்குள் ஆள் இருக்கிறார்.